பரிசுக் கடிதம் வந்தால்: கேள்வியும் பதிலும்

நீலகிரியில் பல வருடம் தபால் நிலைய கவுன்டரில் இருந்தவன் நான். பரிசுக் கடிதங்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கோத்தகிரி, தோட்டத் தொழிலாளி: தபாலில் சுரண்டும் கார்டு வந்தது சார். சுரண்டினால் கார் விழுந்திருக்கு. 12,000 ரூபாய் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?

கட்டாதீர்கள் அக்கா. ஒரு நாள் ஒரே லயனிலிருந்து (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். ஒருவர் கையில் இதே மாதிரி கவர். பளபளக்கும் தாள், மூன்று ரப்பர் ஸ்டாம்பு, சிங்கமுகச் சின்னம் வேறு. பணம் அனுப்ப வழி கேட்டார். துணைக்கு வந்தவர், "எனக்கும் ஒண்ணு வந்துச்சு, இன்னும் சுரண்டல" என்றார். கவுன்டரிலேயே காசை வைத்துச் சுரண்டச் சொன்னேன். அதே கார், அதே நிறம். முதல் அம்மா எண்ணி வைத்த நோட்டை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டார். எல்லாக் கார்டிலும் கார்தான் அச்சடிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

குன்னூர்: உண்மையான பரிசுக்கும் வரி உண்டுதானே? அதைத்தான் கேட்கிறார்களோ?

வரி உண்டு. 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 30 சதவீதம். ரொக்கப் பரிசு என்றால் கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். கார், பைக் மாதிரிப் பொருளாக இருந்தால் வரி கட்டிய பிறகே கையில் தர வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வரி உங்கள் பான் எண்ணில் அரசுக் கணக்குக்குப் போகும், ரசீது வரும். யாரோ ஒருவருடைய யுபிஐ எண்ணுக்கு வரி போகாது. பணம் வாங்க பின் நம்பர் போடவும் தேவையில்லை. பின் போட்டால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம்.

ஊட்டி, கல்லூரி மாணவர்: பரிசுப் போட்டிக்குப் பத்து அட்டை போட்டால் வாய்ப்பு கூடுமா?

கூடும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள் தம்பி. 50,000 அட்டை வருகிறது, ஐந்து மிக்ஸி பரிசு என்று வைத்துக்கொள்வோம். ஒரு அட்டைக்கு வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. மிக்ஸி 5,000 ரூபாய் என்றால் அந்த வாய்ப்பின் மதிப்பு ஐம்பது பைசா. போட்டிக்கென்றே தபால் துறை விற்கும் அஞ்சலட்டையின் விலையோ பத்து ரூபாய்! பத்து அட்டை போட்டாலும் ஆயிரத்தில் ஒன்றுதான், செலவு நூறு. ஆசைக்கு ஒன்று போடுங்கள், போதும். போட்டி நடத்துபவர் முடிவை வெளியிடாமல் மறைப்பது 2019 நுகர்வோர் சட்டப்படி தவறு. அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கூடலூர்: கேரளா லாட்டரியில் விழுந்ததாக வாட்ஸ்அப் வந்தது. நான் சீட்டே வாங்கவில்லை.

வாங்காத சீட்டுக்குப் பரிசு ஏது? கேரள அரசு காகிதச் சீட்டு மட்டும்தான் விற்கிறது, ஆன்லைனில் கிடையாது. தமிழ்நாட்டிலோ 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை. அழித்துவிடுங்கள்.

கொடைக்கானல்: அமெரிக்க ஸ்வீப்ஸ்டேக்ஸ் என்று கடிதம், டாலரில் கட்டணம் கேட்கிறது.

அந்த நாட்டில் அது சட்டப்படி இலவசமாகக் கலந்துகொள்ளும் குலுக்கல். பொருள் வாங்கத் தேவையில்லை, வாங்கினாலும் வாய்ப்பு கூடாது என்று கடிதத்திலேயே அச்சிட வேண்டும் என 1999-இல் அங்கே சட்டம் வந்தது. காசு கேட்டால் அப்போதே அது போலி. இன்னொன்று: நம் அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாட்டு லாட்டரிச் சீட்டுக்கும் ஸ்வீப்ஸ்டேக்ஸுக்கும் இங்கிருந்து பணம் அனுப்புவதைத் தடை செய்கின்றன. அனுப்பினால் பணமும் போகும், சிக்கலும் வரும்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: நேற்று ராத்திரி 8,000 அனுப்பிவிட்டேன். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.

முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள், இப்போதே. அப்புறம் வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் நிறுத்தினால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். கவரைக் கிழித்துப் போடாதீர்கள், அதன் தபால் முத்திரை எந்த ஊரில் போட்டார்கள் என்று காட்டும். வீட்டில் சொல்லுங்கள், நீங்கள் திருடவில்லை, உங்களிடம் திருடியிருக்கிறார்கள். இன்னும் சில நாளில் "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கொஞ்சம் கட்டணம்" என்று வேறொரு குரல் பேசலாம். அதுவும் அதே கூட்டம்தான், போனை வைத்துவிடுங்கள்.