பதில்: 'ரூல் ஆஃப் தம்ப்' மனைவியை அடிக்கும் சட்டத்திலிருந்து வந்ததா?

வணக்கம் சகோதரி. கட்டைவிரல் பருமனுக்கு மிகாத கோலால் மனைவியை அடிக்கலாம் என்ற பழைய ஆங்கிலேயச் சட்டமே 'ரூல் ஆஃப் தம்ப்' தொடருக்கு மூலம் என்று மகளின் பேச்சுப்போட்டி உரையில் இருப்பதாகவும், அதை வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அப்படியொரு சட்டம் இங்கிலாந்தில் இயற்றப்படவே இல்லை. குத்துமதிப்பான அளவு என்ற பொருளில் இத்தொடர் 17ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது.

கோல் கதை அதற்குப் பிந்தியது. 1782இல் நீதிபதி பிரான்சிஸ் புல்லர் அப்படிச் சொன்னதாக ஒரு பேச்சு கிளம்பியது. அவர் அப்படித் தீர்ப்பு எழுதியதற்குச் சான்றில்லை. ஆனாலும் ஜேம்ஸ் கில்ரே அவரை 'நீதிபதி கட்டைவிரல்' என்றே கேலிச்சித்திரமாக வரைந்துவிட்டார்: புல்லர் கை கொள்ளாத கோல்களோடு நிற்க, பின்னால் ஒருவன் மனைவியை அடிக்கிறான். எவ்வளவு கோபமான படம்!

மனதைப் பிசைவது அடுத்ததுதான். 1868இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் மனைவியை அடித்தவனை ஒரு நீதிபதி இந்தக் கட்டைவிரல் அளவைச் சொல்லியே விடுவித்தார். மேல்நீதிமன்றம் அந்த அளவுகோலை ஏற்கவில்லை, விடுதலையை மட்டும் உறுதிசெய்தது. தொடரையும் கோலையும் பலர் முடிச்சுப் போட்டது 1970களில்தான்.

மகள் கில்ரேயின் படத்தையும் இந்த வழக்கையும் சொல்லட்டும். நடுவர் குறுக்குக்கேள்வி கேட்டாலும் தடுமாற வேண்டியிருக்காது.