ஃபேன் சத்தமும் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ கூட்டமும்

கேள்வி: மூன்று நாளைக்கு முன் என் லேப்டாப்பை விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற்றினேன். அன்றிலிருந்து ஃபேன் இரைந்துகொண்டே இருக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ‘சர்வீஸ் ஹோஸ்ட்’ என்ற பெயரில் அறுபது, எழுபது வரிகள். ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிக்யூட்டபிள்’ என்று ஒன்று. ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ சில சமயம் 90-ஐத் தொடுகிறது. கடையில் காட்டினால் வைரஸ், ஃபார்மேட் செய்ய வேண்டும் என்கிறார்கள். ஓய்வூதியக் கணக்கை இதில்தான் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மன்னார்குடி

பதில்: அம்மா, ஃபார்மேட் செய்ய வேண்டாம். இப்போது உள்ளே நடக்கிற வேலை, ஃபார்மேட் செய்தாலும் முதலிலிருந்து மறுபடி நடக்கத்தான் போகிறது. பழைய விண்டோஸுக்குத் திரும்ப உங்களுக்குப் 10 நாள் அவகாசம் உண்டு, அதுவும் போய்விடும்.

முதலில் அந்த 90. ‘ஐடில்’ என்றால் சும்மா இருப்பது. பிராசஸர் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஓய்வாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த எண் கூடக்கூட நல்லது.

‘சர்வீஸ் ஹோஸ்ட்’ கூட்டத்துக்கு ஒரு காரணம் உண்டு. சர்வீஸ் என்பது திரைக்குப் பின்னால் ஓடுகிற விண்டோஸ் வேலை, ஹோஸ்ட் என்பது அதை ஓட்டுகிற ப்ராசஸ். முன்பெல்லாம் பல சர்வீஸ்களை ஒரே ஹோஸ்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்று படுத்தால் கூட இருப்பவையும் படுக்கும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 அப்டேட்டிலிருந்து, 3.5 ஜிபிக்கு மேல் ரேம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களுக்குத் தனித்தனி ஹோஸ்ட். பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்துங்கள், உள்ளே எந்த சர்வீஸ் ஓடுகிறது என்று தெரியும். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். என் அக்கா சில வருடங்களுக்கு முன், தெரியாத பெயராக இருக்கிறதே என்று ஒவ்வொன்றாக ‘எண்ட் டாஸ்க்’ கொடுத்துக்கொண்டே போனார். லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு பட்டென்று நின்றுவிட்டது. அவர் நிறுத்தியது ஒலிக்கான சர்வீஸ். ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது. ஆனால் சில ப்ராசஸ்களை நிறுத்தினால் கணினியே நீலத் திரை காட்டி நின்றுவிடும்.

ஆன்டிமால்வேர் என்பது விண்டோஸோடு வருகிற டிஃபெண்டர் என்ற வைரஸ் தடுப்பு. அப்கிரேடில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள் மாறியிருக்கின்றன, அவற்றையெல்லாம் அது பார்த்தாக வேண்டும். தேடலுக்கான அட்டவணையும் உங்கள் ஃபைல்களை மறுபடி வரிசைப்படுத்திக்கொண்டிருக்கும். ஃபேன் இரைவது பெரும்பாலும் இந்த இரண்டால்தான். எஸ்எஸ்டி இல்லாத, பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் இன்னும் இழுக்கும்.

இரண்டு மூன்று இரவு சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாதபடி வைத்துவிட்டுத் தூங்குங்கள். பேட்டரியில் ஓடும்போதும் நீங்கள் டைப் செய்யும்போதும் இந்த வேலைகள் ஒதுங்கிக்கொள்ளும். அதனால்தான் பகலில் முடிவதில்லை. விண்டோஸ் தன் பராமரிப்புக்கு வைத்திருக்கிற நேரமே அதிகாலை 2 மணி.

அப்புறமும் சந்தேகம் இருந்தால் அந்த சர்வீஸ் ஹோஸ்ட் வரிமேல் ரைட் கிளிக் செய்து ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ கொடுங்கள். சி டிரைவில், விண்டோஸ் ஃபோல்டருக்குள், சிஸ்டம்32 திறந்தால் நிம்மதியாக இருக்கலாம். டெம்ப், டவுன்லோட்ஸ் மாதிரி இடம் திறந்தால் கவனம். ஃபைலின் பெயரையும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்பதுதான் சரி. ‘எஸ்சிவிஹோஸ்ட்’ என்று இரண்டு எழுத்தை இடம் மாற்றிக்கொண்டு வந்த வைரஸ்கள் உண்டு.

அப்படி ஏதாவது கண்ணில் பட்டால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸுக்குப் போய் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி தானே ரீஸ்டார்ட் ஆகி, கால் மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும். அது முடிகிறவரை ஓய்வூதியக் கணக்கை அந்த லேப்டாப்பில் திறக்காதீர்கள். எந்த ஃபோல்டர் திறந்தது என்பதை ஒரு எழுத்து விடாமல் குறித்து எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.