ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்தா

கேள்வி: மூத்தவன் இரண்டாம் வகுப்பு, சின்னவளுக்கு ஒன்றரை வயது. ஒரு காலத்தில் கஞ்சி போட்ட காட்டன் புடவையில் வேலைக்குப் போனவள் நான். இப்போது வீட்டில் நைட்டி, வெளியே அதே கறுப்பு லெகிங்ஸ். மாற ஆசை, காலையில் ஐந்து நிமிடம்கூடக் கிடைப்பதில்லை.
- வாசகி, திருச்சி

பதில்: நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு பள்ளி வேன் வரை ஓடியவள்தான் நானும். உடனே புதுத்துணி வாங்கிவிடாதீர்கள். பீரோவில் தூங்கும் பழைய புடவையை எடுங்கள். ஐந்தரை மீட்டரில் இரண்டு குர்தா வரும். என் அரக்கு நிற மதுரைச் சுங்குடி அப்படித்தான் மறுபிறவி எடுத்தது. தையல்காரரிடம் பக்கவாட்டுப் பாக்கெட் கேளுங்கள். "லேடீஸுக்கு எதுக்கும்மா?" என்பார். விடாதீர்கள். சாவி, கைக்குட்டை, சின்னவள் கடித்துத் தரும் பாதி பிஸ்கட் எல்லாம் அதற்குள்தான் போகும். (தோய்க்கும் முன் தட்டிப் பாருங்கள். எறும்பு வந்த கதை என்னிடம் இருக்கிறது.)

நிறம்? அரக்கு, கரும்பச்சை, கத்தரிப்பூ. சாம்பார்க் கை பட்டாலும் அவ்வளவாகத் தெரியாது. வெள்ளைக்கு இன்னும் நாலு வருஷம் பொறுங்கள். புதுச் சுங்குடி வாங்கினால் முதல் சில தோய்ப்புக்குச் சாயம் போகலாம். மூத்தவனின் வெள்ளைச் சட்டையோடு ஊறவைக்காதீர்கள்.

புடவையை விட மனசில்லையா? சரி, வெள்ளிக்கிழமை மட்டும் கட்டுங்கள், கஞ்சி இல்லாமல். முந்தின இரவே கொசுவத்தை மடித்து கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் காலையில் செருகுவதுதான் வேலை. முந்தானையையும் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்; ஒன்றரை வயதுக்கு அதுதான் ஊஞ்சல்.