தம்பி என்றவர் முதலாளி என்கிறார்
பணியிட உளவியல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் என் தந்தை தொடங்கிய வெள்ளிக் கொலுசுப் பட்டறையை நான்கு ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். பற்றவைக்கும் வேலையில் இருக்கும் மூத்த தொழிலாளி ஒருவர் பதினேழு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறார். அவர் கணக்கில் சேதாரம் பற்றி ஒருநாளும் பேச்சு எழுந்ததில்லை. வெள்ளி விலை ஏறிய பிறகு, கொடுக்கும் எடையையும் திரும்ப வாங்கும் எடையையும் எல்லோர் முன்னிலையிலும் எழுதிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தேன், கேமராவும் பொருத்தினேன். இப்போது ஆறு மாதங்களாக அவர் பட்டறையில் வேலை செய்யும் பையன்களிடம் சிறிய விஷயத்துக்கெல்லாம் சீறுகிறார். என்னைத் தம்பி என்று அழைத்து வந்தவர் முதலாளி என்கிறார். வேலையில் மட்டும் குறை சொல்ல முடியவில்லை. வயதானால் குணம் மாறிவிடுமா? அவரை நிறுத்திவிடலாமா?
– வாசகர், சேலம்

பதில்: வயதைப் பற்றிய ஐயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். ஒரே மனிதர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து செய்யப்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இளமையிலிருந்து நடுவயதை நோக்கிச் செல்லும்போது பெரும்பாலோர் பொறுப்பிலும் நிதானத்திலும் கூடுகிறார்களே தவிரக் குறைவதில்லை. பதினேழு ஆண்டுகள் ஒரே மாதிரி இருந்த ஒருவரின் குணம் ஆறே மாதங்களில் புரண்டுவிட்டது என்று எண்ணுவதற்கு முன்னால், அந்த ஆறு மாதங்களில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அதை உங்கள் கடிதத்திலேயே நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்.

வைஸ், குரோபன்சானோ என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1996-இல் முன்வைத்த ஒரு விளக்கம் இங்கே பொருந்துகிறது. பணியிடத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் உணர்ச்சிகளை எழுப்புகின்றன; அந்த உணர்ச்சிகளே பல நேரங்களில் நடத்தையாக வெளிப்படுகின்றன; ஒரு நிகழ்ச்சி எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதை அவரவர் ஆளுமை தீர்மானிக்கிறது என்பதே அதன் சாரம். அலட்சியமாக வேலை செய்பவருக்கு உங்கள் எடை நோட்டு ஒரு தொந்தரவு மட்டுமே, நாலு நாளில் பழகிவிடும். தரையைக் கூட்டிய தூசியில் இருக்கும் வெள்ளியைக்கூட ஒழுங்காகத் திருப்பித் தந்து, கை சுத்தத்தையே தம் பெயராகக் கொண்டு வாழ்ந்தவருக்கு அது, நேற்று வந்த பையன்களின் கண்முன்னே தம்மைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்த செயலாகப் பட்டிருக்கலாம். அவரிடம் நீங்கள் மெச்சிய பொறுப்புணர்வும் இன்று உங்களை வருத்தும் சீற்றமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்றே நான் கருதுகிறேன். உங்களிடம் காட்ட முடியாத கோபம் பையன்கள் மேல் பாய்கிறது. உங்களிடம் அவர் காட்டுவது ஒரே ஒரு சொல்லை, அந்த ‘முதலாளி’யைத்தான்.

எடை எழுதியதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். இன்றைய விலையில் கணக்கில்லாமல் பட்டறை நடத்த முடியாது. அதை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்பதைப் பற்றியே கேட்கிறேன். ஜெரால்டு கிரீன்பெர்க் என்பவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உங்களைப் போன்றவர்கள் அறிந்திருக்க வேண்டியது. ஒரு நிறுவனம் தன் இரண்டு ஆலைகளில் பத்து வாரங்களுக்கு 15 விழுக்காடு ஊதியத்தைக் குறைத்தது. ஓர் ஆலையில் காரணத்தை விரிவாகவும் வருத்தத்துடனும் எடுத்துச் சொன்னார்கள். மற்றொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். குறைப்பு நடந்த இரண்டு இடத்திலும் திருட்டு கூடியது. ஆனால் காரணம் சரியாகச் சொல்லப்படாத ஆலையில் அது மிக அதிகமாக இருந்தது. குறைக்கப்பட்ட தொகை ஒன்றே, மதித்துச் சொன்ன விதம் வேறு.

ஆகவே பட்டறை மூடிய பின் ஒரு மாலையில், பையன்கள் இல்லாத நேரத்தில் அவரோடு உட்காருங்கள். வீட்டில் கடன், உடல்நலம், நெருப்பின் முன் உட்கார்ந்தே தளர்ந்துபோன கண் என்று வேறு காரணம் இருக்கிறதா என முதலில் கேளுங்கள்; நான் ஊகித்தது பிழையாகவும் இருக்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், நோட்டைக் கொண்டுவந்ததற்காக அல்ல, அதை அவரிடம் முதலில் சொல்லாமல் கொண்டுவந்ததற்காக வருத்தம் தெரிவியுங்கள். நீங்கள் கையாளும் வெள்ளியையும் அதே நோட்டில் எழுதுங்கள். எழுதும் முறையில் என்ன திருத்தம் வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பையன்களைக் கத்துவது நிற்க வேண்டும் என்பதையும் அதே பேச்சில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் அவர்களுக்கும் மானம் உண்டு. ஒரே பேச்சில் ஆறு மாத வருத்தம் கரையாது. அவரை நிறுத்தும் எண்ணத்தைச் சில மாதங்களுக்காவது தள்ளிவையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஒரு நாளில் நூறு பேருக்காவது சிரித்த முகத்தோடு பதில் சொல்ல வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு கலங்கி வந்து இறங்குபவர்கள் அறை தயாராகவில்லை என்றால் என்மீதுதான் எரிந்து விழுகிறார்கள். வீட்டுக்குப் போனால் என் மகளிடம் பேச ஒரு சொல் எழுவதில்லை. பேசினால் கோபமாக வருகிறது. நான் அடிப்படையிலேயே கோபக்காரியா, அம்மா?
– வாசகி, ஏற்காடு

பதில்: இல்லை அம்மா. பகல் முழுவதும் கோபத்தை அடக்கத் தெரிந்த ஒருவரை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நீங்கள் செய்வதற்கு உணர்ச்சி உழைப்பு என்று பெயர். ஆர்லி ஹாக்சைல்டு என்னும் சமூகவியலாளர், விமானப் பணிப்பெண்களிடம் நடத்திய ஆய்வை 1983-இல் வெளியிட்டபோது இந்தச் சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். சம்பளத்துக்காக உடலை வருத்துவது போலவே முகத்தையும் மனத்தையும் வருத்துகிறோம் என்று அவர் காட்டினார். உள்ளே ஒன்றை உணர்ந்துகொண்டு வெளியே வேறொன்றைக் காட்டும் மேற்பூச்சு நடிப்பு, தொடர்ந்து செய்யும்போது ஆளை வெறுமையாக்கிவிடுகிறது என்பதைப் பின்வந்த பல ஆய்வுகள் உறுதிசெய்திருக்கின்றன. எதிரில் நிற்பவர் மலைப்பாதையில் குழந்தையோடு அவதிப்பட்டு வந்தவர் என்று ஒரு கணம் எண்ணி, உண்மையாகவே இரக்கத்தை வரவழைத்துக்கொண்டு பேசுவது ஓரளவு களைப்பைக் குறைக்கும்.

ஆனால் இதை உங்கள் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனமில்லை. வாய்க்கு வந்தபடி ஏசுபவரிடம் இரக்கம் கொள்ளும்படி உங்களுக்கு யாரும் பாடம் சொல்லக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மேசையை விட்டு எழுந்து உள்ளறையில் பதிவேட்டு வேலை பார்க்கும்படி முறை மாற்றித் தருவதும், விருந்தினர் வரம்பு மீறும்போது மேலாளரே வந்து பேச்சை ஏற்றுக்கொள்வதும் நிர்வாகத்தின் கடமை. சீசன் தொடங்குவதற்கு முன், உடன் வேலை செய்பவர்களையும் சேர்த்துக்கொண்டு இந்த இரண்டையும் கேளுங்கள். படுக்கை விரிப்புகளை எண்ணி வைக்கும் விடுதி, ஊழியர்களின் களைப்பையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். மகளிடம், “அம்மாவுக்குப் பேசிப் பேசி அலுத்துவிட்டது, கால் மணி நேரம் சும்மா பக்கத்தில் உட்காரு கண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். உங்கள் கோபத்துக்குத் தான் காரணமில்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

கேள்வி: ஐந்து ரோட்டில் உள்ள எங்கள் ஜவுளிக்கடைக்கு விற்பனையாளர்களை எடுக்கும்போது ஆளுமைத் தேர்வு வைக்கலாமா? கலகலப்பானவர்களை மட்டும் எடுக்க விரும்புகிறோம்.
– வாசகர், சேலம்

பதில்: வைக்கலாம், அதை மட்டுமே நம்பி எடுக்க வேண்டாம். நீங்கள் கலகலப்பு என்று சொல்லும் புறமுக இயல்பு, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சித் தளும்பல், புதியன நாடும் மனம் என்று ஆளுமையை ஐந்து கூறுகளாக உளவியலாளர்கள் அளக்கிறார்கள். பாரிக், மவுண்ட் ஆகிய இருவர் முன்பு நடந்த ஆய்வுகளைத் திரட்டி 1991-இல் வெளியிட்ட முடிவில், எல்லா வகைத் தொழிலிலும் வேலைத் திறனோடு தொடர்பு காட்டியது பொறுப்புணர்வுதான்; அந்தத் தொடர்பும் மிதமானதே. விற்பனையிலும் மேலாண்மையிலும் கலகலப்பு உதவுகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் கல்யாணப் பட்டு எடுக்க வந்து மூன்று மணி நேரம் மனம் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பத்தின் முன், பேச்சுக் குறைந்த, நாற்பதாவது புடவையையும் முகம் கோணாமல் விரித்துக் காட்டும் ஒரு பெண் உங்கள் கலகலப்பான ஆளைவிடச் சிறப்பாக விற்கக்கூடும். தேர்வுத் தாளில் எந்த விடை முதலாளிக்குப் பிடிக்கும் என்று ஊகிப்பதும் கடினமல்ல. வருபவர்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேளுங்கள்; பிறகு ஒரு நாள் கூலி கொடுத்து, கடையில் நிற்கவைத்து, வாடிக்கையாளர் எதுவும் வாங்காமல் எழுந்து போன பின் அவர்கள் புடவையை எப்படி மடிக்கிறார்கள் என்று பாருங்கள்.