தெரிந்த விஷயத்துக்கு ஒரு பட்டமா?

கேள்வி: எட்டு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இதய, ரத்தநாள நோய்த் தடுப்பில் முதுநிலைப் படிப்பு ஒன்று கண்ணில் பட்டது. “உப்பைக் குறை, நட, சிகரெட்டை விடு என்று சொல்ல ஒரு பட்டமா?” என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். கேலி செய்பவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அந்த மூன்றும் தெரியாதவர் இன்று யாருமில்லை, ஆனால் தெரிந்தும் செய்யாதவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் அங்கே பாடமே. சிகரெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் வழக்கமாக “ஒரு நாளைக்கு எத்தனை?” என்று கேட்டு, அவர் பாதியாகக் குறைத்துச் சொல்வதை எழுதிக்கொண்டு, “விட்டுடுங்க” என்று அனுப்பிவிடுவோம். இந்தத் துறையில் பழகியவர்கள் “எழுந்ததும் எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்?” என்றும் கேட்பார்கள். 5 நிமிடத்துக்குள் பற்ற வைப்பவரை நிக்கோட்டின் பலமாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், அவரிடம் மன உறுதி பற்றிப் பேசினால் மட்டும் போதாது, தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையோ சூயிங்கமோ மாத்திரையோ கூடவே வேண்டியிருக்கும்.

ரத்த அழுத்தம் பார்ப்பதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான முறை பார்த்திருப்பீர்கள். ஆனால் 5 நிமிடம் சும்மா உட்கார வைத்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, கைக்கேற்ற அளவுப் பட்டையைச் சுற்றி, பேச்சுக் கொடுக்காமல் பார்த்தது எத்தனை முறை? (கோபம் வேண்டாம், நானும் ஒழுங்காகப் பார்த்தவனில்லை.) மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு எடுத்த எண்ணை நம்பி ஒருவருக்கு வருடக்கணக்கில் மாத்திரை போய்க்கொண்டிருக்கலாம்.

அப்புறம் கணக்கு. பலரும் திணறும் இடம் இதுதான். ஒரு மாத்திரை மாரடைப்பு அபாயத்தை 25 சதவீதம் குறைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் 100 பேரில் 4 பேருக்கு வரக்கூடிய கூட்டத்தில் அது 3 ஆகும், அதாவது 100 பேர் விழுங்கி ஒருவர் தப்புகிறார். 40 பேருக்கு வரக்கூடிய கூட்டத்திலோ 10 பேர் தப்புவார்கள். மாத்திரை ஒன்றுதான், சதவீதமும் ஒன்றுதான். இந்தக் கணக்கை நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவரைப் பயமுறுத்தாமல், அதே சமயம் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவிடாமல் விளக்கப் பழகுவதற்கே ஒரு செமஸ்டர் போய்விடும்.

சொந்தக்காரர்களுக்கு வரலாறும் சொல்லலாம். 1948-ல் அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 5,209 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய பிறகுதான் ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், சிகரெட் ஆகியவற்றை அபாயக் காரணிகள் என்று பேசும் பழக்கமே வேரூன்றியது. இன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்த அந்த அறிவுரை இப்படி ஆட்களை எண்ணி எண்ணிக் கிடைத்தது. பிரிட்டனின் மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி ரோஸ் இன்னொன்றைக் காட்டினார்: அபாயம் மிக அதிகமுள்ள சிலரைவிட, நடுத்தர அபாயமுள்ள பெருங்கூட்டத்திலிருந்துதான் மொத்தத்தில் அதிக மாரடைப்புகள் வருகின்றன. அதனால் ஆபத்தானவரைத் தேடிப் பிடிப்பது மட்டும் போதாது. எல்லாரும் வாங்கும் ரொட்டியில் உப்பைக் குறைப்பதும் இந்தப் படிப்புக்குள் வருகிறது.

கேள்வி: இதை முடித்தால் இதய டாக்டர் ஆகிவிடலாமா?

பதில்: முடியாது. ஆஞ்சியோ, ஸ்டென்ட் எல்லாம் கார்டியாலஜி படித்தவர் வேலை. நர்ஸ் நர்ஸாகவும் டயட்டீஷியன் டயட்டீஷியனாகவும்தான் வெளியே வருவார்கள், தடுப்பு கிளினிக்கையோ மாரடைப்புக்குப் பிந்தைய மறுவாழ்வுப் பிரிவையோ நடத்தும் திறமை கூடியிருக்கும்.

கேள்வி: ஆன்லைனில் படித்தால் போதுமா?

பதில்: புள்ளியியல், ஆய்வுக் கட்டுரை வாசிப்பு இதெல்லாம் திரையிலேயே கற்கலாம், சரி. ஆனால் டிரெட்மில்லில் நடப்பவரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைப் பக்கத்தில் நின்றுதான் பழக முடியும். பணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: நேரடியாக நோயாளிகளோடு எத்தனை மணி நேரம்? நான் நோயாளியிடம் பேசுவதை யாராவது உட்கார்ந்து கேட்டுத் திருத்துவார்களா? இரண்டாவதற்கு மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.