தனி டம்ளர்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். அப்பா காபி எஸ்டேட்டில் கவ்வாத்து வேலை பார்த்தவர். இருமல், சாயங்காலக் காய்ச்சல், இளைப்பு. சளியில் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் நிழல் இருந்ததால் டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். எட்டு மாதம் சாப்பிட்டார். ஒருநாள் எஸ்டேட் பாதையில் இறந்துகிடந்தார். யாரும் பார்க்காததால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம். திசுப் பரிசோதனை ரிப்போர்ட் இப்போதுதான் வந்தது: நுரையீரல் புற்றுநோய், டி.பி. இல்லை. அத்தனை மாதமும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை. தனக்கும் ஒட்டியிருக்கும் என்று அம்மா இன்னும் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடுவதில்லை. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? அம்மாவிடம் சொல்லலாமா?

ம.

அன்புள்ள ம.,

முதலில் டி.பி. என்று நினைத்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன். உலகத்து டி.பி. நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியர். இருமல், காய்ச்சல், இளைப்பு எல்லாம் இரண்டு நோய்க்கும் பொது. சளியில் கிருமி தெரியாத டி.பி.யும் உண்டு. எக்ஸ்ரேயில் நிழல் விழும், அது எந்த நோயின் நிழல் என்று எழுதியிருக்காது.

எனக்குக் கோபம் வருவது மூன்றாம் மாதத்தில். மருந்து பிடித்திருந்தால் அதற்குள் காய்ச்சல் விட்டிருக்கும், பசி எடுத்திருக்கும், எடையும் கொஞ்சம் ஏறியிருக்கும். அது நடக்காதபோது சளியை மறுபடி பார்த்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேன், குழாய் விட்டுச் சதை எடுத்துப் பார்ப்பது என்று அடுத்த வழிகள் இருக்கின்றன. வழக்கமான கோர்ஸே ஆறு மாதம்தான். ஏமாற்று என்று தோன்றவில்லை, அசட்டை. நீங்கள் கேட்டிருக்கலாமே என்பதும் நியாயமில்லை. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிறவர் எத்தனை கேள்வி கேட்பார்?

அப்பா வீட்டுப் பாயில் போயிருந்தால் யாரும் அறுத்துப் பார்த்திருக்கமாட்டார்கள். நம் ஊரில் போஸ்ட்மார்ட்டம் பெரும்பாலும் போலீஸ் கேசுக்குத்தான். டி.பி.யில் போனவர் என்ற பேரே நிலைத்திருக்கும். கட்டியைப் பார்த்ததோடு விடாமல் துணுக்கு வெட்டி ஃபார்மலினில் போட்டு அனுப்பிய அந்த டாக்டருக்கு ஒரு கும்பிடு.

அப்புறம் டம்ளர். டி.பி. தட்டிலும் டம்ளரிலும் ஒட்டாது, இருமும்போது காற்றில் வருவது. வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தில், சானடோரியம் என்ற டி.பி. ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் குடும்பத்தைவிட நோய் கூடுதலாகப் பரவவில்லை என்று 1960ல் வெளியான சென்னை ஆய்வே காட்டிவிட்டது. எழுபதுகளில் அம்மாபேட்டையில் தறி ஓட்டிய என் பெரியப்பா, பெருந்துறை சானடோரியத்திலிருந்து குணமாகித் திரும்பினார். அதற்குப் பிறகும் அவர் டம்ளர் எங்கள் வீட்டுக் கிணற்றடியில்தான் கவிழ்ந்திருந்தது. நானே எத்தனையோ முறை அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் புற்றுநோய் ஒட்டாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். அவருக்கு இருமல் இருந்தால் சளி பார்த்துக்கொள்ளட்டும், அது தனி விஷயம். பேரப்பிள்ளைகள் மடியில் உட்காரட்டும். டம்ளர் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். அவரே எடுத்தால் என் பெரியப்பா கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்.