பங்குனி ஆமைக் குஞ்சு தனியாக எப்படிப் பிழைக்கிறது? கேள்வி பதில்

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரையில் ராத்திரி முழுக்க நடந்து, வனத்துறை அனுமதியோடு ஆமை முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுசேர்ப்பவர்களில் நானும் ஒருத்தி. நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் இதோ.

அக்கா, தாய் ஆமை குஞ்சுகளைப் பார்க்கத் திரும்பி வராதா?

வராது. ஒன்றரை அடி ஆழக் குழியில் நூறு முட்டை போல இட்டு, மணலை மூடித் தன் உடம்பாலேயே தட்டிக் கெட்டிப்படுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அதோடு சரி. 45 முதல் 60 நாளில் மணல் சூட்டிலேயே பொரிந்துவிடும். சூடு கூடினால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண்.

கடல் எந்தப் பக்கம் என்று அதற்கு யார் சொல்லித்தருவது?

யாருமில்லை. குழியின் மேல்மணல் முதலில் லேசாக உள்வாங்கும். கொஞ்ச நேரத்தில் ஒரு கறுத்த மூக்கு தெரியும். அப்புறம் பால் பொங்குகிற மாதிரி எல்லாம் ஒன்றாக மேலே வரும். கட்டைவிரல் நீளம்கூட இராது, 20 கிராமுக்கும் குறைவு. இருட்டில் வானமும் கடலும் சேரும் வெளிச்சக் கோடுதான் வழிகாட்டி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மூச்சு நின்றுவிடும். தெருவிளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சு சாலைப் பக்கம் திரும்பிவிடுகிறது.

பாவம், வீட்டுத் தொட்டியில் இரண்டு நாள் வைத்துத் தேற்றி விடலாமா?

தயவுசெய்து வேண்டாம். முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சம் அதன் வயிற்றில் இருக்கிறது. அந்தத் தெம்பில்தான் முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை எட்டுகிறது. தொட்டியில் நீந்தவிட்டால் அந்தப் பலம் அங்கேயே தீர்ந்துபோகும். கையில் எடுத்து அலையில் போடுவதும் கூடாது, மணலில் தானே நடந்து போகட்டும்.

எத்தனை பிழைக்கும்?

ஆயிரத்தில் ஒன்று என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

பெரிய ஆமைகள் ஏன் செத்து ஒதுங்குகின்றன, மேடம்?

ஆமைக்கு நுரையீரல். மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். இழுவலையில் சிக்கினால் வர முடியாமல் மூழ்கிச் சாகிறது. 2025 ஜனவரியில் இந்தக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. பத்துப் பதினைந்து வருடம் தனியாகத் தப்பித்து, முட்டையிட வந்த இடத்தில் இப்படிச் சாவதை என்னால் தாங்க முடியவில்லை. ஆமை தப்பிக்க வழிவிடும் சாதனம் இருக்கிறது, அதை வலைகளில் பொருத்த வேண்டும்.

நாங்கள் என்ன செய்யலாம்?

கடலோர வீடு என்றால், மார்ச் முதல் மே வரை கடலைப் பார்த்த விளக்குகளை ராத்திரியில் அணைத்துவையுங்கள். குஞ்சுகளைப் பார்க்க வந்தால் செல்போன் ஃப்ளாஷ் வேண்டாம்.